கத்திரிக்காய் செய்த குற்றம்

செஞ்சியில் கத்திரிக்காய்க்கு வந்த கெட்ட பெயர் வேறு எந்தக் காய்க்கும் வந்ததில்லை. அதற்கு முழுப் பொறுப்பு ஹீலர் பாண்டுரங்கன். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட யாருக்காவது கை வீங்கினால், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டால், அவர் பதறமாட்டார். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கத்திரிக்கா சாப்டியா?"

ஒரு வாரமாகக் கத்திரிக்காய் சாப்பிடாத ஆள் இந்த ஊரில் யார்? கல்யாணப் பந்தியில் அது உண்டு, சாம்பாரில் அது மிதக்கும், பிரியாணிக்குத் துணையாக அது வரும், கையில் காசில்லாத நாளில் அதுதான் குழம்பு. கேட்டவுடன் எல்லோரும் திருதிருவென்று முழித்துவிட்டு, "ஆமாங்க, முந்தாநாள் ரெண்டு துண்டு" என்று ஒப்புக்கொள்வார்கள். "அதான்" என்பார் பாண்டுரங்கன். வழக்கு அதோடு முடிந்தது. வைத்தியம் தப்பித்துக்கொண்டது, காய் மாட்டிக்கொண்டது.

அந்த வைத்தியத்தின் பெயர் தேனீ அக்குபங்சர். அக்குபங்சர்காரர்கள் ஊசி குத்துகிற இடங்களில் ஊசிக்குப் பதிலாக உயிரோடு ஒரு தேனீயை இடுக்கியால் பிடித்து வைத்துக் கொட்ட விடுவது. கொட்டிய தேனீ கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். இந்த வைத்தியத்தில் பக்க விளைவு உண்டு என்று பாண்டுரங்கன் ஒப்புக்கொண்டது அந்தத் தேனீ விஷயத்தில் மட்டும்தான். வீட்டு வாசலில் தொங்கிய பலகையில், 'பக்க விளைவு அறவே இல்லை' என்று எழுதி, 'அறவே'யை மட்டும் சிவப்பில் பெரிதாகப் போட்டிருந்தார்.

மனிதர் இதற்கு முன்னால் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்றார். அப்புறம் காந்த மெத்தை விற்றார். அது படுத்த பிறகு மனை வாங்கி விற்கிற புரோக்கர் ஆனார். ஊரடங்கு சமயத்தில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியிலேயே ஒரு கோர்ஸ் படித்து, அவர்கள் அனுப்பிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டால் கேஸ் வரும், ஹீலர் என்று போட்டால் வணக்கம் வரும் என்கிற அளவுக்கு விவரம் தெரிந்தவர். சும்மா சொல்லக்கூடாது, சரித்திரமும் ஒன்று தயார் செய்து வைத்திருந்தார். செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கிற பழைய கல்யாண மகாலின் மேல்மாடியில் அந்தக் காலத்து ராணிகளுக்குத் தேனீ கொட்ட வைத்துத்தான் முட்டிவலி தீர்த்தார்களாம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதைக் கேட்டு, அண்ணாந்து பார்த்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சான்றிதழைவிட, சரித்திரத்தைவிட, அவருக்குக் கைகொடுத்த பெரிய ஆதாரம் வேறொன்று. அது அவர் சம்சாரம் ஷோபனா.

மாதத்துக்கு ஒரு முகாம் நடக்கும். முகாம் ஆரம்பிக்கிறபோது நாற்காலி ஒன்றை நடுவில் போட்டு, அதில் ஷோபனாவை உட்கார வைப்பார். "ஊர்ல எவனாவது பொண்டாட்டிக்கு வெஷம் வெப்பானா? நான் மொதல்ல என் சம்சாரத்துக்குத்தான் பண்றேன். பாத்துக்குங்க" என்பார். அவள் வலது கையை நீட்டுவாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதைக்கு அக்குபங்சரில் பெயர் பெருங்குடல் நாலு. கையில் இருக்கிற இடத்துக்கு ஏன் பெருங்குடல் என்று பெயர் வந்தது என்று அவள் ஒரு தடவை கேட்டாள். அதெல்லாம் ஒனக்குப் புரியாது என்று பதில் வந்தது. அந்தப் பெருங்குடல் நாலில் தேனீ கொட்டும். அவள் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்டால் பின்னால் வரிசை தானாக நிற்கும். அந்தச் சிரிப்பை நம்பித்தான் தளவானூரிலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் பஸ் ஏறி ஜனங்கள் வந்தார்கள்.

முதலில் எல்லாம் வெறும் வலிதான். சுருக்கென்று குத்தும், கொஞ்ச நேரம் எரியும், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். ஷோபனாவும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் ஒரு முகாமில் மணிக்கட்டு வரைக்கும் வீங்கியது, வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. அடுத்த முகாமில் முழங்கை வரைக்கும். அதற்கடுத்த தடவை வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு எழும்பி அரித்துத் தள்ளியது. "கழிவு வெளியேறுது. நல்லதுதான்" என்றார் பாண்டுரங்கன். நல்லதை ஊருக்குக் காட்ட வேண்டியதுதானே? அதைச் செய்யவில்லை. கடைக்குப் போய் முழுக்கை வைத்த ரவிக்கைத் துணி எடுத்து வந்து கொடுத்தார்.

சம்சாரம் தின்றுதான் இப்படி ஆகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வீட்டுக்குள் கத்திரிக்காய் வருவதையே அவர் நிறுத்திவிட்டார். ஷோபனாவுக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர். அதுவும் சின்னப் பிஞ்சை நாலாகக் கீறி எண்ணெயில் வதக்கிய காரக்குழம்பு இருந்தால் அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். புருஷன் தொழில் என்று அதையும் விட்டாள். நாக்கைக் கட்டினாள், வாயைக் கட்டினாள், கை வீங்குவது மட்டும் நிற்கவில்லை.

போன முகாமில் நிலைமை முற்றியது. நாற்காலியிலிருந்து எழுந்து உள் அறைக்குப் போவதற்குள் உதடு தடித்துவிட்டது. தொண்டைக்குள் யாரோ துணியைத் திணித்த மாதிரி இருந்தது. குரல் வரவில்லை, மூச்சு இழுக்க இழுக்க உள்ளே போகவில்லை, கண் இருட்டியது. வெளியே அவர் மைக்கில் ராணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, செத்துப்போகப் போகிறோம் என்று தெளிவாக நினைத்தாள். சாகவில்லை. எப்படியோ அரைமணி நேரத்தில் தொண்டை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

அதே முகாமில் மெஹபூப் பீக்கும் முகம் வீங்கியது. பஜாரில் இலவம் பஞ்சு மெத்தை தைக்கிற அமீர் ஜானின் மனைவி அவள். இடுப்பு வலிக்காக வந்திருந்தாள். கேள்வி வந்தது.

"கத்திரிக்கா சாப்டீங்களா?"

"வெள்ளிக்கெழம பிரியாணிக்கு கத்திரிக்கா வெக்காம பின்ன இன்னாத்த வெக்கிறது?" என்றாள் மெஹபூப் பீ.

"அதான்!"

அமீர் ஜானுக்குக் கோபம் வந்தது. பாண்டுரங்கனிடம் ஏற்கெனவே காந்த மெத்தை வாங்கி முதுகு பிடித்துக்கொண்ட ஆள். ஒரு மெத்தைக்காரனுக்கே மெத்தை விற்றவர் பாண்டுரங்கன், அந்தத் திறமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பிரியாணிக்குக் கத்திரிக்காய் வைத்தது உண்மைதான் என்பதால் அமீர் ஜான் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு பாண்டுரங்கன் மனைவி பக்கம் திரும்பினார்.

"உண்மையச் சொல்லு. நீயும் சாப்ட்டதான?"

"இன்னாங்க பேசறீங்க? நான் கத்திரிக்காயக் கண்ணால பாத்தே எத்தினி மாசம் ஆவுது."

"அப்ப ஒதடு எப்படி வீங்கிச்சி?"

"தேனீ கொட்டிச்சி, வீங்கிச்சி."

"தேனீ கொட்டினா வீங்காது. நான் படிச்சிருக்கேன்."

நம்புங்கள், அந்த மனிதர் அடுப்படிக்குப் போய்ச் சட்டியை மோந்து பார்த்தார். குப்பைக் கூடையைக் கிளறிக் காம்பு தேடினார். மறுநாள் காய்க்காரியிடம், "எங்கூட்டுக்காரி கத்திரிக்கா வாங்கறாளா?" என்று ரகசியமாக விசாரித்தார். கள்ளச் சாராயம் தேடுகிற போலீஸ்கூட இவ்வளவு சிரத்தையாகத் தேடியிருக்காது. மூச்சு நின்று செத்திருக்க வேண்டியவள் அவள். அவளை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை, அவள் சமைத்த சட்டியைத்தான் பரிசோதனை செய்தார்கள். ஷோபனாவுக்கு அழுகை வந்தது, அழுகையைவிட அதிகமாக அசிங்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிற ஒரு கிளினிக்குக்குப் போனாள். அங்கே லுப்னா என்று சின்ன வயது டாக்டர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவள் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"மொதல் தடவை கொட்டினப்போ ஒண்ணும் ஆகலைதானே?"

"ஒண்ணியும் ஆகல டாக்டர்."

"அதுதான் இதுல ஏமாத்துற விஷயம். மொதல்ல ஒண்ணும் ஆகாது. நிறைய பேருக்கு வலியும் வீக்கமும்தான், வேற எதுவும் எப்பவுமே ஆகாது. சில பேர் ஒடம்பு அந்த விஷத்தை எதிரின்னு குறிச்சு வெச்சுக்கும். அப்புறம் ஒவ்வொரு கொட்டுக்கும் இன்னும் பெருசா சண்டை போடும். உங்க ஒடம்பு இப்ப அந்த எடத்துல இருக்கு. தடிப்பு வந்துச்சு, ஒதடு வந்துச்சு, தொண்டை வந்துச்சு. அடுத்த தடவை மூச்சு மொத்தமா அடைச்சுக்கலாம்."

"கத்திரிக்கா சாப்ட்டா இப்படி வருமா டாக்டர்?"

லுப்னா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. "நீங்க தாராளமா கத்திரிக்கா சாப்பிடுங்க. தேனீ மட்டும் வேண்டாம். மூச்சு அடைச்சா போடுற ஊசி எங்ககிட்ட இருக்கு. ஆனா அதுக்கு நீங்க இங்க உயிரோட வந்து சேரணும், இல்லையா?"

வீட்டுக்கு வந்து புருஷனிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"டாக்டருங்க அப்படித்தான் டென்சன் ஏத்துவாங்க. நம்ம வைத்தியம் பரவிடிச்சின்னா அவங்களுக்குப் பொழப்பு ஏது?"

"எனக்கு பயமா இருக்குதுங்க. இந்தத் தடவ வேற யாரையாவது உக்கார வெச்சிக்குங்க."

"இந்தத் தடவயா? நல்லா இருக்குதே! கல்யாண மண்டபத்துல பண்றோம், வெளியூர்ல இருந்து ஹீலர் சங்கத் தலைவரெல்லாம் வந்து எனக்குத் 'தேனீச் செம்மல்' பட்டம் குடுக்கறாங்க. அன்னிக்கிப் போயி பொண்டாட்டி ஒக்காரலன்னா ஊரு இன்னா நெனைக்கும்?"

"அப்ப நீங்களே கொட்ட வெச்சிக்குங்களேன்."

"ஹீலர் கொட்டிக்கக் கூடாது. கைராசி போயிடும்."

முகாமில் அவர் தடித்த கையுறை போட்டுக்கொள்வதும், முகத்துக்கு வலை கட்டிக்கொள்வதும், மாடியில் இருக்கிற தேனீப் பெட்டியைத் திறக்கக் கன்னியப்பன் என்கிற வேலையாளையே அனுப்புவதும் கைராசியைக் காப்பாற்றத்தான் என்று ஷோபனா உண்மையிலேயே நம்பினாள். புருஷன் கெட்டவர் இல்லை, முட்டாள், அவ்வளவுதான் என்பது அவள் வெகுநாளாகத் தனக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதல். மெஷினை நம்பினார், மெத்தையை நம்பினார், இப்போது தேனீயை நம்புகிறார். முட்டாளோடு குடும்பம் நடத்தலாம், ஊரில் பாதிப் பேர் நடத்துகிறார்கள். ஆனால் முட்டாளால் செத்துப்போவதற்கு அவளுக்கு இஷ்டமில்லை.

அந்த வீட்டில் தேனீ கொட்டவில்லையே என்று ஏங்கிய ஜீவனும் ஒன்று இருந்தது. அது ரத்தினம்மாள், பாண்டுரங்கனின் தாய். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், எழுந்தால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது.

"ஊரு முட்டிக்கெல்லாம் கொட்ட வெக்கிறான். பெத்தவ முட்டி மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியல பாரு" என்று மருமகளிடம் தினமும் புலம்புவாள்.

மகனிடமும் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும், "ஒனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, கார் வைத்து விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், எலும்பு டாக்டரிடம் காட்டி, மாத்திரையும் தைலமும் வாங்கிக் கொடுப்பார். மாத்திரை என்பது விஷம் என்று மைக்கில் சொல்கிற அதே மனிதர்தான். அம்மா பழைய காலத்து மனுஷி, அவளுக்கு மாத்திரையில்தான் நம்பிக்கை என்று காரணம் சொன்னார். அம்மாவோ தேனீ வேண்டும் என்று அடம் பிடித்தாள். ஷோபனா இதையும் அவருடைய முட்டாள்தனக் கணக்கிலேயே எழுதிவிட்டு, மேலே யோசிக்காமல் விட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பேனர், பேனரில் கோட்டை இருக்கிற ராஜகிரி மலை, மலைக்கு மேலே மலையைவிடப் பெரிய தேனீ, அதற்குப் பக்கத்தில் கைகூப்பிய பாண்டுரங்கன். பட்டம் கொடுக்க வந்த தலைவர் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ரத்தினம்மாள். நடுவில் எங்கேயோ மெஹபூப் பீயும் அமீர் ஜானும். இலவச முகாம், மத்தியானம் சாப்பாடு உண்டு என்றதும் கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பந்திக்குக் கத்திரிக்காய் கிடையாது என்று சமையல்காரரிடம் சத்தியம் வாங்கியிருந்தார் பாண்டுரங்கன்.

சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக் அன்றைக்குத்தான் முதல்தடவை. அதை மாட்டியதும் அவர் நடையே மாறிவிட்டது. மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினார்.

"இந்த வைத்தியத்துல பக்க விளைவு கெடையாது! இருந்தா நான் என் குடும்பத்துக்குப் பண்ணுவனா? என் சம்சாரம் வருவாங்க. உங்க முன்னாடி உக்காருவாங்க. ஷோபனா!"

கை தட்டினார்கள். ஷோபனா மேடை ஏறினாள். முழுக்கை ரவிக்கை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. நாற்காலி பக்கத்தில் சின்ன மேஜை, அதன்மேல் மூடியில் ஓட்டை போட்ட கண்ணாடி பாட்டில். உள்ளே தேனீக்கள் கண்ணாடியில் ஏறி ஏறி வழுக்கிக்கொண்டிருந்தன. கன்னியப்பன் இடுக்கியைத் துடைத்துக் கொடுத்தான். அவளுக்கு லுப்னா சொன்னது ஞாபகம் வந்தது. மண்டபத்திலிருந்து அந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டைத் தாண்ட வேண்டும். சந்தை நாள் வேறு. தொண்டை அடைத்தபிறகு அவ்வளவு தூரம் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? இவரா? இவர் ராணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

நாற்காலி வரைக்கும் போனாள். உட்காரவில்லை.

"உக்காரு" என்றார் பாண்டுரங்கன், பல்லைக் காட்டிக்கொண்டே.

"எனக்கு வேணாங்க."

காலர் மைக் அதையும் பிடித்துக்கொண்டது. மண்டபம் முழுக்க 'வேணாங்க' என்று கேட்டது. முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"வெக்கப்படறாங்க" என்று சமாளித்துச் சிரித்தார்.

அவளுக்கு எந்தத் திட்டமும் இல்லை. அந்த நாற்காலியிலிருந்து தப்பிக்க வேண்டும், அது ஒன்றுதான். சபையைச் சுற்றிப் பார்த்தவளின் கண்ணில் மாமியார் பட்டாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அத்த ரொம்ப நாளா கேட்டுகினே இருக்காங்க. அவங்களுக்குத்தான் முட்டி வலி. எனக்கு ஒண்ணும் வலி இல்லியே. இன்னிக்கி அத்தைக்குக் கொட்ட வெய்யிங்க."

ரத்தினம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை நாள் ஆசை! "தோ வரேன்டா நைனா" என்று குரல் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்து எழுந்தாள். ஜனங்கள் கை தட்டினார்கள், தலைவர்கூடத் தட்டினார். பெற்ற தாய்க்கே மகன் வைத்தியம் செய்யப்போகிறான், இதைவிட வேறென்ன வேண்டும்? கிழவி ஒவ்வொரு படியாக ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சேலையை முட்டிக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

"எந்த எடத்துலடா?"

கன்னியப்பன் பாட்டில் மூடியில் கை வைத்தான்.

"ஏய், தெறக்காத!" என்று கத்தினார் பாண்டுரங்கன். இடுக்கி கீழே விழுந்தது. அம்மாவுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "எழுந்திரும்மா! ஒனக்கு வேணாம், கீழ போ! ஒனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடிச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

இதையும் காலர் மைக் பிடித்துக்கொண்டது. மண்டபத்தின் பின்சுவரில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி வரைக்கும் போய்க் கேட்டது.

கை தட்டல் நின்றது. தலைவர் சால்வையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

ஷோபனா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பதற்றம் பொய் இல்லை. வேர்த்துவிட்டது மனிதருக்கு. அவருக்கு இப்படிப் பயப்படத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கையுறை ஏன், வலை ஏன், விழுப்புரம் ஏன் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு விளங்கியது. முட்டாள் இல்லை இந்த ஆள். எல்லாம் தெரிந்த ஆள். ஏதாவது ஆகும் என்று தெரிந்துதான் தன் கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டார், தாயின் முட்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார், அவளை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்தார். உதடு வீங்கியபோது சட்டியை மோந்து பார்த்தாரே, அப்போதும் தெரியும். தொண்டை அடைத்துச் சுவரோரம் கிடந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

ரத்தினம்மாள் எழுந்திருக்கவில்லை. சேலையை மெதுவாக இறக்கி விட்டுக்கொண்டு மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு ஏதாவது ஆயிடுமாடா?" என்றாள். "அப்ப இவளுக்கு?"

பாண்டுரங்கன் வாயைத் திறந்தார். ஆபத்துக் காலத்தில் மனிதனுக்குப் பழக்கமானதுதான் வாயில் வரும்.

"அவ... அவ கத்திரிக்கா சாப்டறவம்மா."

நடுவிலிருந்து மெஹபூப் பீ எழுந்து நின்றாள். "ஹீலரே! உங்கம்மாவும் கத்திரிக்கா சாப்டறாங்களா?"

மண்டபமே சிரித்தது. அமீர் ஜான் சிரித்த சிரிப்பில், விழுந்துவிடாமல் இருக்க முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மெத்தைக்கும் சேர்த்துச் சிரித்தார் என்றே சொல்ல வேண்டும். ஷோபனா மட்டும் சிரிக்கவில்லை. மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பினாள். இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக இறங்கி, நடுவழியாக நடந்து, வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்கள். தேனீச் செம்மல் பட்டம் என்ன ஆனது என்று அவர்கள் நின்று பார்க்கவில்லை.

சந்தை ஓரம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஷோபனா இறங்கினாள். பிஞ்சாகப் பொறுக்கி ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்கினாள். காய்க்காரி வாயைப் பிளந்தாள். "உங்கூட்டுக்காரரு கேட்டா இன்னா சொல்றது?"

"வாங்கினேன்னே சொல்லு."

வெயில் தாழ்ந்த நேரத்தில் பாண்டுரங்கன் வீட்டுக்கு வந்தார். காலர் மைக்கைத் திருப்பிக் கொடுக்கக்கூட மறந்து மாட்டிக்கொண்டே வந்திருந்தார். வாசலிலேயே வாசனை மூக்கைத் தாக்கியது. உள்ளே மாமியாரும் மருமகளும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுடுசோறு, எண்ணெய் மிதக்கிற காரக்குழம்பு, அதில் நாலாகக் கீறிய கத்திரிக்காய்.

மன்னிப்பு கேட்பார் என்று ஷோபனா எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் ஒரு ஓரத்தில் காத்திருந்தாள்.

"மைக்க மூடிட்டு என்கிட்ட தனியா சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அவர். "மானமே போச்சி."

அவருக்கு வருத்தமெல்லாம் மைக்கின் மேல்தான். மனைவி இன்னொரு கத்திரிக்காயை எடுத்துச் சோற்றில் பிசைந்தாள். உதடு வீங்கவில்லை, தொண்டை அடைக்கவில்லை, காரம் மட்டும் சுறுசுறுவென்று ஏறியது.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எனக்கும் கொஞ்சம் ஊத்து."

"அவனுக்கு ஊத்தாத. பத்தியம்" என்றாள் ரத்தினம்மாள், தட்டிலிருந்து நிமிராமல்.

வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் தொழிலுக்கு வந்தார்.

"அடுத்த மாச முகாமுக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சி. நாற்காலியில யாரையாவது உக்கார வெச்சாவணும். யார வெக்கிறது?"

"உங்க கை இருக்குதேங்க" என்றாள் ஷோபனா. "பெருங்குடல் நாலு உங்களுக்கும் அங்கதான இருக்குது?"

பாண்டுரங்கன் தன் வலது கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.